நடுராத்திரி மணி அடித்த சத்திரம்

புனேயில் வளரும் நம் பிள்ளைகளிடம் "சத்திரம்னா என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். "கல்யாண மண்டபம்" என்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. லீவுக்கு ஊருக்குப் போனால் நாம் அவர்களைக் கூட்டிக்கொண்டு போகிற சத்திரம் அது ஒன்றுதான். ஆனால் எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கம் சேதுபாவாசத்திரம் என்று ஒரு ஊரே இருக்கிறது. கும்பகோணம் பக்கம் அம்மாசத்திரம். "ஊரு ஃபுல்லா கல்யாண மண்டபமாப்பா?" என்று கேட்டான் என் பையன் :-)

அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். மகாராஷ்டிராவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு வேலையும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சத்திரம் என்பது வழிப்போக்கருக்குச் சோறும் திண்ணையும் கொடுத்த இடம். காசு கிடையாது. "சத்திரத்துச் சாப்பாட்டுக்குத் தாத்தாச்சாரி அப்பணையா?" என்று பழமொழி உண்டு. அப்பணை என்றால் உத்தரவு. பொதுவில் போடுகிற சோற்றைச் சாப்பிட எவன் உத்தரவு வேண்டும் என்று அர்த்தம். அந்தச் சோறு எங்கிருந்து வந்தது? வயலிலிருந்துதான். தஞ்சாவூர்ச் சத்திரங்கள் வெறும் கட்டடங்கள் இல்லை. ஒவ்வொன்றுக்கும் கிராமங்களும் நஞ்சை புஞ்சையும் எழுதி வைத்திருந்தார்கள். அந்த நிலத்தில் சர்க்காருக்குச் சேரவேண்டிய மேல்வாரம் சத்திரத்துக்குப் போகும், உழுதவனுக்குக் குடிவாரம். அறுப்பு முடிந்ததும் நெல் வண்டி வண்டியாய்ச் சத்திரத்துக் களஞ்சியத்துக்கு வரும். களஞ்சியத்தில் நெல் இருக்கிறவரை அடுப்பு எரியும். வயலையும் அடுப்பையும் சேர்த்துப் பார்த்தால்தான் சத்திரம் என்றால் என்னவென்று புரியும்.

இதைக் கட்டியவர்கள் நாம் இப்போது பிழைக்க வந்திருக்கும் இந்த மண்ணிலிருந்து அங்கே போனவர்கள். சத்ரபதி சிவாஜியின் மாற்றாந்தாய்க்குப் பிறந்த தம்பி வெங்கோஜி 1676 வாக்கில் தஞ்சாவூரைப் பிடித்தார். அவர் வம்சம் 1855 வரை அங்கே இருந்தது. காசியிலிருந்து ராமேஸ்வரம் போகிற யாத்திரைக்காரர்கள் தஞ்சைச் சீமையைக் கடந்துதான் போகவேண்டும். அந்தச் சாலையில் சத்திரங்கள் எழும்பின. பெயர்களைப் பாருங்கள்: யமுனாம்பாள், திரௌபதாம்பாள், சுலக்ஷணாம்பாள், முக்தாம்பாள். பெரும்பாலும் அரண்மனைப் பெண்களின் பெயர்கள். நீடாமங்கலத்தின் பழைய பெயரே யமுனாம்பாள்புரம்தான்.

இவற்றில் பெரியது ஒரத்தநாடு முக்தாம்பாள் சத்திரம். முக்தாம்பாள் இரண்டாம் சரபோஜி மன்னரின் பிரியத்துக்குரியவள். சாகும் தறுவாயில் தன் பெயர் நிலைக்கிற மாதிரி ஒரு அன்னசத்திரம் வேண்டும் என்று கேட்டாள் என்பார்கள். 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் சரபோஜி அதைக் கட்டினார். தஞ்சாவூரிலிருந்து தெற்கே இருபது கிலோமீட்டருக்கு மேல், அதாவது கால்நடையாக ஒரு நாள் பயணம். முகப்பில் யானையும் குதிரையும் தேரை இழுக்கிற மாதிரி கல்வேலை. உள்ளே முற்றங்கள், தாழ்வாரங்கள், கடைந்த மரத்தூண்கள். இடத்தையும் கவனியுங்கள். கல்லணைக் கால்வாய் அந்தப் பக்கம் வந்தது மேட்டூர் அணைத் திட்டத்தோடு 1930களில்தான். அதற்கு முன்னால் காவிரிப் பச்சை முடிந்து ஏரியையும் மழையையும் நம்பிய சீமை தொடங்குகிற இடம் அது. நடந்து வருகிறவனுக்குப் பசி எடுக்கிற இடத்தில் சத்திரம் வைத்திருக்கிறார்கள்.

உள்ளே என்ன நடந்தது என்பது நமக்குத் தெரிவதற்கு ஒரு நெருக்கடிதான் காரணம். 1799ல் போட்ட ஒப்பந்தத்தில் ராஜ்யம் கம்பெனி கைக்குப் போய்விட்டது. சரபோஜிக்கு மிஞ்சியது கோட்டை, வருஷத்துக்கு 1 லட்சம் வராகன், நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. சத்திரத்து நிலங்களும் போய்விடுமோ என்ற கவலையில் 1801 ஜனவரியில் ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். மற்றதெல்லாம் போனாலும் சத்திரங்களை என் பொறுப்பில் விட்டுவிடுங்கள் என்பதுதான் கடிதத்தின் சாரம். ஏன் என்பதற்கு அங்கே நடப்பதையெல்லாம் வரிசையாகச் சொல்கிறார்.

பிராமணர் முதல் பறையர் வரை வருகிற எல்லோருக்கும் சோறு. சமைத்ததைச் சாப்பிடாதவர்களுக்கு அரிசியும் பண்டமும். நடுராத்திரி வரை பரிமாறிவிட்டு மணி அடிப்பார்கள். இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் வாருங்கள் என்று கூவி அழைப்பார்கள். வழியில் நோய்வாய்ப்பட்டவருக்குக் குணமாகும் வரை மருந்தும் பத்தியச் சாப்பாடும். பாம்புக்கடிக்கு வைத்தியர். பிள்ளைத்தாய்ச்சிக்குப் பிரசவச் செலவு, பெற்ற பின் மூன்று மாதம் தங்க இடம். குழந்தைகளுக்குப் பால். அநாதையாய் நிற்கும் வழிப்போக்கர் பிள்ளைகளுக்கு மூன்று வேளைச் சாப்பாடு, நாலு நாளைக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல், துணிமணி, படிப்பு, கடைசியில் கல்யாணச் செலவு. யாராவது இறந்து போனால் அவரவர் வழக்கப்படி ஈமக்கடன்.

வெளியூரில் குடித்தனம் நடத்துகிற நமக்கு இந்தப் பட்டியலின் அருமை கூடவே புரியும். ஊர் பேர் தெரியாத இடத்தில் உடம்பு சரியில்லாமல் போனால் யார் இருக்கிறார்கள், பிரசவத்துக்கு யார் வருவார்கள்... நம் ஒவ்வொருவர் வீட்டுக் கவலையும் அதில் இருக்கிறது.

அதற்காக எல்லாம் சமத்துவமாய் நடந்தது என்று சொல்ல வரவில்லை. சோறு எல்லோருக்கும் என்றாலும் பந்தி வேறு வேறாக இருந்த காலம் அது. வேத பாடத்துக்கு நாலு வேதத்துக்கும் ஆசிரியர்கள் இருந்தார்கள், அங்கே எல்லோரும் உட்கார முடியாது. அதனால்தான் அடுத்து நடந்ததை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

1862க்குள் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சி வரை ரயில் வந்துவிட்டது. 1914ல் பாம்பன் பாலமும் வந்தது. ராமேஸ்வரத்துக்கு நடந்து போகிறவர்கள் குறைந்து போனார்கள். ஆனால் நிலம் இருந்தது, நெல் வந்துகொண்டிருந்தது. சத்திரங்கள் சர்க்கார் கைக்குப் போய், பிறகு ஜில்லா போர்டு பொறுப்புக்கு வந்தன. வழிப்போக்கர் இல்லாத சத்திரத்து நெல் யாருக்கு?

1924 முதல் 1930 வரை தஞ்சாவூர் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த ஏ.டி. பன்னீர்செல்வம் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் உமாமகேசுவரனார் துணை நின்றார். அப்போது திருவையாற்றில் சத்திர வருமானத்தில் நடந்த கல்லூரியில் சமஸ்கிருதம் மட்டும்தான் சொல்லிக் கொடுத்தார்கள். பன்னீர்செல்வம் பழைய அறக்கட்டளை ஆவணத்தை மராத்தியிலிருந்து மொழிபெயர்க்கச் சொல்லிப் பார்த்தார், அதில் ஒரு மொழிக்கு மட்டும் என்றோ ஒரு சாதிக்கு மட்டும் என்றோ எழுதியிருக்கவில்லை என்று தஞ்சை ஜில்லாவில் இன்றும் சொல்வார்கள். கல்லூரியில் தமிழும் வந்தது. ஒரத்தநாட்டிலும் ராஜாமடத்திலும் சத்திரப் பணத்தில் பிற்பட்ட, தாழ்த்தப்பட்ட வீட்டுப் பையன்கள் தங்கிப் படிக்க இலவச விடுதிகள் வந்தன. பன்னீர்செல்வம் 1940ல் விமான விபத்தில் மறைந்தார். விடுதிகள் நின்றன.

என் தாத்தா ராஜாமடம் விடுதியில் தங்கிப் படித்தவர். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிப் படிப்பை முடித்தவர் அவர்தான். அவர் வாத்தியார் ஆனார், அப்பா பி.இ. படித்தார், நான் ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். "சத்திரத்துச் சோறுடா நம்ம உடம்புல ஓடறது" என்று தாத்தா சொல்வார். நாங்கள் ஏதோ விளையாட்டாகச் சொல்கிறார் என்று சிரிப்போம். அவர் வெறும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

இன்றைக்குச் சத்திரங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் கட்டடத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். ஆலமரக் கன்று சுவரைப் பிளந்துவிட்டால் அந்தக் கல்குதிரையை மறுபடி யாரும் செதுக்கப் போவதில்லை. ஆனால் சுண்ணாம்பு பூசி, விளக்குப் போட்டு, டிக்கெட் கிழித்தால் மட்டும் சத்திரம் பிழைத்துவிடுமா? நிலமும் கணக்கும்தான் அதன் உயிர். நிலத்தின் நிலைமையும் மாறிவிட்டது. 1956ம் வருஷத்து நியாய வாரச் சட்டம் நஞ்சையில் நிலச் சொந்தக்காரரின் பங்கை விளைச்சலில் 40 சதவீதம் என்று வைத்தது, பின்னால் 1980ல் அது 25 சதவீதமானது. உழுகிறவனுக்கு அது நியாயம்தான். ஆனால் அந்த 25ம் ஒழுங்காக வந்து சேர வேண்டும், எந்த வயல் எந்தச் சத்திரத்துக்கு என்பதும் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

அது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, மோடி எழுத்தில்! (இது எழுத்தின் பெயர், ஆளின் பெயர் இல்லை :-)) மராத்தியை வேகமாக எழுதப் பயன்பட்ட கூட்டெழுத்து அது. 20ம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பள்ளிக்கூடங்களிலிருந்து போய்விட்டது. தஞ்சை அரண்மனைக் கணக்குகள் மூட்டை மூட்டையாக அந்த எழுத்தில்தான் இருக்கின்றன. தமிழ்ப் பல்கலைக்கழகம் 1989ல் ஒரு பகுதியைத் தமிழாக்கி மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. அதற்கு முன்பே, 1984ல், கே.எம். வேங்கடராமையா இந்த ஆவணங்களை வைத்து மராட்டியர் கால அரசியலையும் சமுதாய வாழ்க்கையையும் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். இன்னும் படிக்க வேண்டியது மிச்சம் இருக்கிறது. அதைப் படிக்க மராத்தியும் தெரிய வேண்டும், மோடி எழுத்தும் தெரிய வேண்டும், தஞ்சை ஊர்ப் பெயர்கள் காதில் விழுந்தவுடன் பிடிபடத் தமிழும் தெரிய வேண்டும்.

அப்படி மூன்றும் சேரக்கூடியவர்கள் யார்? நம் பிள்ளைகள்தான்! 2020ல் வந்த சட்டப்படி மகாராஷ்டிராவில் எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயம். "இது எதுக்கு நம்ம புள்ளைக்கு?" என்று அலுத்துக்கொள்கிற வீடுகள் உண்டு. எதற்கு என்றால் இதற்கும்தான். புனேயில் 1910ல் தொடங்கிய பாரத் இதிஹாஸ் சம்சோதக் மண்டல் மோடி எழுத்து வகுப்புகள் நடத்தி வந்திருக்கிறது. வீட்டில் தமிழ், பள்ளியில் மராத்தி, அதற்கு மேல் சில மாதம் மோடி. இப்படி ஒரு பத்துப் பிள்ளைகள் கிளம்பினால் போதும். அவர்களில் ஒருவர் படிக்கிற ஏட்டில் ஒரு வயலின் பெயரோ ஒரு தர்மத்தின் பெயரோ இருக்கலாம். 1920களில் ஆவணத்தைப் புரட்டிப் பார்த்ததால்தானே என் தாத்தாவுக்குச் சோறு கிடைத்தது.

என் பையனுக்கு எட்டாம் வகுப்பு முடியட்டும் என்று காத்திருக்கிறேன். அவனோடு நானும் சேர்ந்து படிப்பதாக ஒப்பந்தம். கூட வர விருப்பம் உள்ளவர்கள் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் சத்திரத்து விடுதியில் சாப்பிட்டுப் படித்த பெரியவர்கள் இருந்தால் எந்த ஊர், எந்த வருஷம், தட்டில் என்ன போட்டார்கள் என்று அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அந்தக் கணக்கை எழுதி வைத்த மோடி ஏடு கிடையாது.