வீடற்றோர்க்கான கிறிஸ்தவ இதழியல்

வீடற்றோர்க்கான கிறிஸ்தவ இதழியல் என்பது, தங்க இடமின்றித் தெருவோரத்திலும் பாலத்தடியிலும் இரவுக் காப்பகங்களிலும் காலம் கழிப்பவர்களின் நிலையை இதழ், நூல், வானொலி ஆகியவற்றின் வழியே பொதுமக்கள் முன் வைத்து, அவர்களுக்காக நிதியும் நீதியும் கேட்ட சமயச் சார்புள்ள முயற்சிகளைக் குறிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனிலும் நியூயார்க்கிலும் உருப்பெற்ற இம்முயற்சியில் எழுதியவரும் பசித்தவருக்குப் பரிமாறியவரும் பெரும்பாலும் ஒருவராகவே இருந்தமையால், இதன் வரலாற்றை அச்சகத்தின் வரலாறாக மட்டும் எழுத இயலாது. கஞ்சித் தொட்டியின் வரலாறும் கூடவே வரும். அத்தொட்டியின் முன் நிற்பவர் மனந்திரும்ப வேண்டிய பாவியா, நிபந்தனையின்றி உபசரிக்கப்பட வேண்டிய விருந்தினரா என்னும் கேள்விக்கு ஒவ்வோர் இதழும் தந்த விடையே, அது எதை எழுதியது, யாரிடம் எதைக் கேட்டது என்பதைத் தீர்மானித்தது.

தமிழகத்தில் இரட்சணிய சேனை என்று அறியப்படும் அமைப்பின் நிறுவனரான வில்லியம் பூத், போர் முழக்கம் என்று பொருள்படும் ‘வார் கிரை’ இதழை 1879 டிசம்பரில் லண்டனில் தொடங்கினார். சேனையின் சீருடை அணிந்தவர்கள் தெருமுனைகளிலும் மதுக்கடைகளிலும் அதை விற்றனர். குடிப்பவரிடமே குடியைக் கண்டிக்கும் தாளை விற்ற துணிவு அன்று கேலிக்கும் வியப்புக்கும் இடமானது. சூப்பு, சோப்பு, இரட்சிப்பு என்று சேனையின் பணியைச் சுருக்கிக் கூறும் வழக்கில் மூன்றின் வரிசை கவனிக்கத்தக்கது: பசித்த வயிற்றுக்குப் போதனை ஏறாது என்பது பூத்தின் கணிப்பாக இருந்தபோதிலும், போதனையே முடிவான நோக்கமாகவும் இருந்தது. பத்திரிகையாளர் டபிள்யூ. டி. ஸ்டெட்டின் உதவியுடன் அவர் 1890இல் வெளியிட்ட ‘இன் டார்க்கெஸ்ட் இங்கிலாந்து அண்ட் தி வே அவுட்’ என்னும் நூல், நாட்டு மக்களில் பத்தில் ஒரு பங்கினர், அதாவது ஏறத்தாழ 30 லட்சம் பேர், வறுமையில் மூழ்கிக் கிடப்பதாகக் கணக்கிட்டது. லண்டன் தெருவில் ஒரு வாடகை வண்டிக் குதிரை விழுந்துவிட்டால் அதைத் தூக்கி நிறுத்துகிறார்கள், உயிரோடு இருக்கும்வரை அதற்குத் தீனியும் கொட்டிலும் வேலையும் கிடைக்கின்றன, மனிதனுக்கு அந்தளவு உரிமையேனும் வேண்டும் என்பது அந்நூலின் மையவாதம். அறிவியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி ‘தி டைம்ஸ்’ நாளிதழுக்குத் தொடர்ந்து கடிதங்கள் எழுதி அத்திட்டத்தைத் தாக்கினார். எனினும் பூத் கேட்ட 1 லட்சம் பவுண்ட் சில மாதங்களிலேயே சேர்ந்தது.

நியூயார்க்கில் ஒரு வார இதழே காப்பகம் ஒன்றைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. மலிவு விடுதிகளும் மதுக்கடைகளும் நிறைந்த பவரி வீதியில் 1879இல் தொடங்கப்பட்ட பவரி மிஷன் கடனில் தள்ளாடியபோது, ‘கிறிஸ்டியன் ஹெரால்ட்’ இதழை நடத்திய லூயி கிளாப்ஷ் 1895இல் அதை ஏற்றார். இயேசுவின் கூற்றுகளைச் சிவப்பு மையில் அச்சிட்ட புதிய ஏற்பாட்டை 1899இல் வெளியிட்டவரும் இவரே. இந்தியப் பஞ்ச நிவாரணத்துக்கும் இவ்விதழ் பெருநிதி திரட்டியது. 1909 டிசம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்லியம் டாஃப்ட் பவரி மிஷனுக்கு நேரில் வந்து, அங்குத் திரண்டிருந்த வேலையற்ற ஆண்களிடம் உரையாற்றினார் என்பது இதழின் செல்வாக்கைக் காட்டுவதாகும்.

இவ்வகை ஊடகங்களின் உயிர்நாடி, தமிழ்த் திருச்சபை வழக்கில் சாட்சி எனப்படும் அனுபவ உரையாகும். குடித்துச் சீரழிந்தவன் ஒரு நாள் இரவு ஊழிய மையத்தின் கதவைத் தட்டினான், ஆண்டவரைக் கண்டான், மனிதனானான் என்ற அதன் கட்டமைப்பு நூறாண்டுக்கு மேலாக அதிகம் மாறவில்லை. சிகாகோவில் 1877 முதல் இயங்கும் பசிபிக் கார்டன் மிஷன், 1950இல் தொடங்கிய ‘அன்ஷேக்கிள்ட்’ என்னும் வானொலி நாடகத் தொடர் அதன் முழு வளர்ச்சி எனலாம். உண்மை மனிதர்களின் வாழ்க்கையை நடிகர்கள் ஒலிவாங்கியின் முன் நடிக்க, ஆர்கன் இசை பின்னணியில் எழும் அந்நிகழ்ச்சி இன்றளவும் தொடர்கிறது. ஆயினும் வாடகை ஏன் உயர்ந்தது, ஆலை ஏன் மூடப்பட்டது என்ற வினாக்களுக்குச் சாட்சியின் கட்டமைப்புக்குள் இடமில்லை. வீழ்ச்சிக்கும் மீட்சிக்கும் காரணம் தனிமனிதனின் நெஞ்சுக்குள்ளேயே தேடப்பட்டது.

அந்த வினாக்களைச் சமய மொழியிலேயே எழுப்பிய இதழ் 1933 மே 1ஆம் நாள் நியூயார்க்கின் யூனியன் சதுக்கத்தில் விற்பனைக்கு வந்தது. ‘தி கத்தோலிக் வொர்க்கர்’ என்ற பெயரும் ஒரு சென்ட் விலையும் கொண்டிருந்த அதன் முதல் இதழின் 2,500 படிகள், பாலிஸ்ட் துறவு சபையின் அச்சகத்தில் 57 டாலர் செலவில் அச்சிடப்பட்டன. ஆசிரியர் டாரத்தி டே (1897–1980) விளையாட்டுச் செய்தியாளர் ஒருவரின் மகள். சோஷலிச இதழ்களில் பணியாற்றி, 1927இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர். 1932 டிசம்பரில் வாஷிங்டனில் நடந்த பட்டினிப் பேரணியைச் செய்தியாக்கச் சென்று திரும்பியபோது, அவரைச் சந்திக்க வந்தவர் பீட்டர் மோரின் (1877–1949) என்ற பிரெஞ்சு உழவர் குடும்பத்து மனிதர். கசங்கிய உடையும், பைகள் பிதுங்கும் தாள்களுமாக வந்த மோரின், துறவு சபையில் பயின்று பின் கனடாவிலும் அமெரிக்காவிலும் கூலிவேலை செய்து வாழ்ந்தவர். பழங்காலத்தில் ஆயர்கள் ஏழைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் இல்லங்கள் நடத்தியதை நினைவூட்டி, ஒவ்வொரு திருச்சபைப் பங்கிலும் விருந்தோம்பல் இல்லம் ஒன்று, ஒவ்வொரு வீட்டிலும் வருபவருக்கென ஒதுக்கிய ‘கிறிஸ்து அறை’ ஒன்று வேண்டும் என்று சிறுசிறு வரிகளாக மடக்கி எழுதிய கட்டுரைகளில் அவர் வலியுறுத்தினார்.

இதைப் படித்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ஏட்டில் எழுதிய இல்லம் எங்கே என்று கேட்டுப் பத்திரிகை அலுவலகத்துக்கே வந்தனர். அதே ஆண்டின் இறுதியில் பெண்களுக்கென ஒரு குடியிருப்பு வாடகைக்கு எடுக்கப்பட்டது; 1936இல் பத்திரிகையும் இல்லமும் மாட் தெருவுக்குக் குடிபெயர்ந்தன. காலையில் காப்பிக்கும் ரொட்டிக்கும் நூற்றுக்கணக்கானோர் அங்கு வரிசையில் நின்றனர். சாப்பிடுமுன் பிரசங்கம் கேட்டாக வேண்டும் என்ற வழக்கம் அங்கு இல்லை. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் பசித்தவரையும் அந்நியரையும் தம்மோடு இயேசு ஒன்றாக்கிக் கூறுவதை டே சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டார். வந்திருப்பவரே கிறிஸ்து என்றால் அவருக்கே பிரசங்கம் செய்வது பொருந்தாது என்பது இதன் தர்க்கம். 1930களின் முடிவுக்குள் அமெரிக்காவெங்கும் இத்தகைய இல்லங்கள் முப்பதைத் தாண்டின. இதழின் விற்பனை 1933 இறுதியில் 1 லட்சத்தையும் 1936இல் ஒன்றரை லட்சத்தையும் எட்டியது.

இல்லத்துக்குள் விருந்தாளி யார், ஊழியர் யார் என்று பிரித்தறிவது எளிதாக இருக்கவில்லை. இளம் ஓவியர் ஏட் பெத்யூன் முதன்முறை வந்தபோது அவரைத் தங்க இடம் தேடி வந்த பெண் என்று நினைத்து, இடமில்லையே என்று டே வருந்தினார். புனிதர்களை ஒளிவட்டத்தோடு ஆனால் உழைப்பாளர்களாகத் தீட்டிய பெத்யூனே இதழின் முகப்புச் சின்னத்தை வரைந்தவர். கைகோத்த இரு தொழிலாளர்களை, அவர்களுள் ஒருவர் கறுப்பினத்தவர், நடுவில் நின்று கிறிஸ்து அணைத்திருப்பதாக அச்சின்னம் அமைந்தது. இருபதாண்டு கழித்து இத்தவறு மறுபடி நிகழ்ந்தது. தீப்பாதுகாப்பு விதிகளை மீறியதாக 1956இல் நீதிமன்றம் 250 டாலர் அபராதம் விதித்தபோது, வழக்குக்குக் கிளம்பிய டேயிடம், வாசலில் உடைக்காகக் காத்திருந்தவர்களிடையே நின்ற கலைந்த தோற்றமுடைய ஒருவர் காசோலை ஒன்றைக் கொடுத்தார். அதை இரண்டரை டாலர் என்று எண்ணி வாங்கிய டே, பிறகு பார்த்தபோதுதான் முழு அபராதத் தொகையையும் கொடுத்தவர் கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் என்று அறிந்தார்.

படத்தால் வாதிடுவது இவ்விதழின் தனி வலிமை. நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறிய குவேக்கர் மரச்செதுக்கு ஓவியர் ஃபிரிட்ஸ் ஐஹன்பெர்க், ரொட்டிக்காகக் குனிந்து நிற்கும் கரிய உருவங்களின் வரிசையில் கிறிஸ்துவையும் நிறுத்திய ஓவியம் அதன் படங்களுள் மிகப் புகழ்பெற்றது. அப்படத்தில் கிறிஸ்து பரிமாறுபவராக இல்லை, வரிசையில் காத்து நிற்பவராக இருக்கிறார். எழுத்தறியாதவரும் இதழின் கொள்கையை அதிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

கொள்கைக்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. ஸ்பானிய உள்நாட்டுப் போரில் பக்கம் சேர மறுத்ததாலும் இரண்டாம் உலகப் போரை எதிர்த்ததாலும் விற்பனை 50,000 அளவுக்குச் சரிந்தது; இல்லங்களில் பாதிக்கு மேல் மூடப்பட்டன. 1960இல் நிலத்தடி ரயில் பாதைக்காக இல்லத்தைக் கையகப்படுத்திய மாநகராட்சி, இழப்பீட்டின் வட்டியாக 3,579 டாலர் அனுப்பியபோது, கடனுக்கு வட்டி வாங்குவது அறமன்று என்ற பழைய திருச்சபைப் போதனையைக் காட்டி டே அதைத் திருப்பி அனுப்பினார். வரிவிலக்குக்குப் பதிவு செய்ய மறுத்த இவ்வியக்கத்திடம் 1972இல் வருமான வரித்துறை 2,96,359 டாலர் கேட்டுப் பின்னர் அக்கோரிக்கையைக் கைவிட்டது. இத்தகைய பிடிவாதம் இல்லத்தின் கூரையை ஒழுகவிட்டது என்ற குறைகூறல் இயக்கத்துக்குள்ளேயே எழுந்தது; அதில் உண்மை இல்லாமல் இல்லை.

இதழின் தாக்கம் அதன் சொந்தப் பக்கங்களுக்கு வெளியேதான் மிகுதியாகத் தெரிந்தது. 1951 முதல் ஈராண்டு அவ்வில்லத்தில் தங்கி இதழில் பணியாற்றிய மைக்கேல் ஹாரிங்டன், பின்னர் சமய நம்பிக்கையை விட்டு விலகி, 1962இல் எழுதிய ‘தி அதர் அமெரிக்கா’ என்னும் நூல், வளமான நாட்டில் மறைந்து கிடந்த வறுமையை வெளிப்படுத்தி, லிண்டன் ஜான்சன் அரசின் வறுமை ஒழிப்புத் திட்டங்களுக்குத் தூண்டுகோலானது. பவரி வீதியின் குடிநோயாளிகளைப் பற்றி அதில் அவர் எழுதியவை விருந்தோம்பல் இல்லத்தில் கண்டவை.

வேண்டுகோளிலிருந்து சட்டக் கோரிக்கைக்கு நகர்ந்த கட்டம் வாஷிங்டனில் அமைந்தது. டேயின் முதல் இதழை அச்சிட்ட அதே பாலிஸ்ட் சபையைச் சேர்ந்த குரு எட் கினன் 1970இல் தொடங்கிய படைப்பாக்க வன்முறையின்மைக்கான சமூகம் என்ற குழுவில், யூதக் குடும்பத்தில் பிறந்து, சிறையில் பெரிகன் சகோதரர்கள் என்ற போர் எதிர்ப்புக் கத்தோலிக்கர்களால் ஈர்க்கப்பட்ட மிட்ச் ஸ்னைடர் சேர்ந்தார். அக்குழு 1982இல் வெளியிட்ட நூல் வீடற்றோரின் தொகையை 20 முதல் 30 லட்சமாகக் கூற, மத்திய வீட்டுவசதித் துறை 1984இல் இரண்டரை முதல் மூன்றரை லட்சம் வரை என்றது. ஸ்னைடரின் எண்ணுக்கு உறுதியான ஆதாரம் இருக்கவில்லை. ஆனால் எண்ணைப் பற்றிய சண்டையே செய்தித்தாள்களின் முதற்பக்கத்துக்கு வீடற்றோரைக் கொண்டுவந்தது. அரசுக் கட்டடம் ஒன்றைக் காப்பகமாகச் சீரமைத்துத் தரக் கோரி அவர் 1984இல் 51 நாள் உண்ணாநோன்பு இருக்க, தேர்தலுக்கு இரு நாள் முன் ரீகன் அரசு இணங்கியது. 1987இல் வீடற்றோர்க்கான முதல் பெரிய மத்தியச் சட்டமாக மெக்கின்னி சட்டம் வந்தது.

லாஸ் ஏஞ்சல்ஸில் 1970இல் தொடங்கிய கத்தோலிக் வொர்க்கர் குழு, ‘கத்தோலிக் அஜிடேட்டர்’ என்ற தன் இதழோடு, தெருவாசிகளுக்குக் கடைத் தள்ளுவண்டிகளையும் வழங்கியது. கடைகளின் வண்டிகளை வைத்திருந்தால் திருட்டுப் பொருள் என்று காவல்துறை பறிக்கும். ஆகவே, இது தங்கள் உடைமை, இரவலாகத் தரப்பட்டது என்று எழுதிய பலகையைக் குழு ஒவ்வொரு வண்டியிலும் பொருத்தியது. தெருவாசிகளின் உடைமைகளைப் பறிமுதல் செய்வதற்கு எதிராக 2016இல் மாநகராட்சி மீது தொடுக்கப்பட்ட வழக்கிலும் இக்குழு ஒரு வாதி.

காப்பகமும் பிரசங்கமும் பற்றிய பழைய கேள்வி அண்மையில் நீதிமன்றத்தையே அடைந்தது. ஓரிகான் மாநிலத்தின் கிரான்ட்ஸ் பாஸ் நகரில் பொதுவிடத்தில் உறங்குவோருக்கு அபராதம் விதிக்கும் சட்டம் வழக்குக்கு வந்தபோது, அங்கிருந்த சுவிசேஷ ஊழிய அமைப்பின் படுக்கைகளைக் கிடைக்கத்தக்க தங்குமிடமாகக் கொள்ள முடியாது என்று கீழ் நீதிமன்றம் கருதியதற்கான காரணங்களுள், தங்குவோர் வழிபாட்டில் கலந்துகொண்டாக வேண்டும் என்ற விதியும் ஒன்று. 2024 ஜூன் 28இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், படுக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அத்தகைய அபராதம் அரசமைப்புக்கு முரணன்று என்று 6–3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.