பம்பாயிற் கூடிய நியூத்திரன் அறிஞர்

1964ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 15ஆந் திகதி முதல் 19ஆந் திகதி வரை பம்பாய் நகரில் ஓர் ஆய்வரங்கு நடைபெற்றது. அதனைக் கூட்டியது வியன்னாவிலுள்ள சர்வதேச அணுசக்தி நிறுவனம். நியூத்திரன் என்னும் நுண்துகள் ஒரு பொருளினூடே சென்று சிதறும்போது தன் சத்தியில் அடையும் மாற்றமே அங்கு ஆராயப்பட்டது. இத்துறை அறிஞர் 1960இல் வியன்னாவிலும் 1962இல் கனடாவின் சோக் றிவரிலும் கூடியிருந்தனர். மூன்றாவது கூட்டம், சுதந்திரம் பெற்றுப் பதினேழு ஆண்டே கழிந்திருந்த ஒரு நாட்டுக்கு வந்தது. அது எவ்வாறு வந்தது என்பது அறியத்தக்க வரலாறு.

நியூத்திரனை 1932இல் கேம்பிரிட்ஜில் கண்டறிந்தவர் ஜேம்ஸ் சாட்விக். அதற்கு மின்னேற்றம் இல்லை. ஆதலின் பொருள்களின் உள்ளே ஆழமாகப் புகவல்லது. அணுவுலையிற் பிறந்து வேகந் தணிந்த நியூத்திரன் செக்கனுக்கு ஏறக்குறைய 2,200 மீற்றர் செல்லும். அப்போது அதன் அலைநீளம் பளிங்கொன்றில் அணுக்களுக்கிடையேயுள்ள தூரத்தை ஒத்திருக்கும். அதன் சத்தியோ அவ்வணுக்களின் அதிர்வுச் சத்தியை ஒத்திருக்கும். இந்த இரட்டைப் பொருத்தம் இயற்கை அளித்த கொடை என்றே சொல்லவேண்டும். எக்ஸ் கதிரும் அணுக்களின் இருப்பிடத்தைக் காட்டும். ஆனால் அதன் சத்தி மிகப் பெரிது. அதனைக்கொண்டு அணுவின் அதிர்வை அளக்க அக்காலத்தார் முயன்றிருப்பின், பார வண்டியை நிறுக்கும் தராசிற் குன்றிமணியை நிறுத்த கதையாகவே முடிந்திருக்கும்.

இக்கலை பிறந்த இடம் போர்க்கால அணுவுலையின் அருகாமை. அமெரிக்காவின் ஓக் றிட்ஜில் 1943இல் இயங்கத் தொடங்கிய உலை, அணுகுண்டுக்கான புளுத்தோனியத்தை ஆக்கும் முறையைத் தேர்ந்தறியக் கட்டப்பட்டது. போர் ஓய்ந்தபின் ஏர்னஸ்ட் வொல்லன் என்பார் அவ்வுலையின் நியூத்திரன் கற்றையைப் பளிங்குகளின்மேற் செலுத்தி ஆராய்ந்தார். 1946இல் கிளிபர்ட் ஷல் அவருடன் சேர்ந்தார். எக்ஸ் கதிருக்கு எளிதிற் புலப்படாத ஐதரசன் அணுக்கள் பனிக்கட்டியினுள் எவ்வாறு அமைந்துள்ளன என்பதையும் அவர்கள் துருவி ஆராய்ந்தனர்.

அணுக்கள் எங்கே உள என்பது இவ்வாறு தெரியலாயிற்று. அவை எவ்வாறு அசைகின்றன என்பதைக் காட்டியவர் சோக் றிவரிற் பணியாற்றிய பேட்ராம் புறொக்ஹவுஸ். அவர் அமைத்த கருவி மூன்று அச்சுக்களைக் கொண்டது. முதலச்சிலுள்ள பளிங்கு ஒரே அலைநீளமுடைய நியூத்திரன்களைத் தெரிந்தெடுக்கும். இரண்டாம் அச்சில் ஆராயப்படும் பொருள் இருக்கும். மூன்றாம் அச்சிலுள்ள பளிங்கு, சிதறி வந்தவற்றின் சத்தியை அளக்கும். சென்ற சத்திக்கும் வந்த சத்திக்கும் உள்ள வேறுபாடே அணுக்களின் அசைவைப் பற்றிய செய்தி.

1955 ஆகஸ்டில் ஜெனீவாவிற் கூடிய அணுசக்தி மாநாட்டில் எழுபதுக்கு மேற்பட்ட நாடுகள் பங்குபற்றின. வல்லரசுகள் பூட்டிவைத்திருந்த செய்திகள் பல அங்கே வெளிவந்தன. தலைமை தாங்கியவர் இந்தியாவின் ஹோமி பாபா. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 4ஆந் திகதி பம்பாயை அடுத்த துரொம்பேயில் அப்சரா உலை இயங்கத் தொடங்கியது. ஏறத்தாழ அக்காலத்திலேயே பி. கே. ஐயங்கார் என்னும் இளைஞர் சோக் றிவருக்குச் சென்று புறொக்ஹவுஸிடம் பயின்றார். ஜேர்மானியம் என்னும் மூலகத்தின் அணு அதிர்வுகளை இருவருஞ் சேர்ந்து அளந்து 1958இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையிற் பெயர்பெற்றது. தாயகம் மீண்ட ஐயங்காரும் அவர் குழுவினரும் கருவிகளை விலைக்கு வாங்க எண்ணாது தாமே அமைத்தனர். 1960 ஜூலையில் கனடாவின் உதவியுடன் சைரஸ் என்னும் 40 மெகாவாற்று உலையும் எழுந்தது. பம்பாய்க்கு வந்த அறிஞர் கண்டது, கற்கத் தொடங்கிய மாணவர் கூட்டத்தையன்று. தம்முடன் சமமாக உரையாட வல்ல ஓர் ஆய்வுக் குழுவை. அரங்கிற் படிக்கப்பட்ட கட்டுரைகள் 1965இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன.

ஆயினும் அவ்வுலைக்கு இன்னொரு முகமும் இருந்தது. 1974 மே 18ஆந் திகதி பொக்கரானில் இந்தியா நிகழ்த்திய அணுவெடிச் சோதனைக்கு வேண்டிய புளுத்தோனியம் சைரஸ் உலையிலிருந்தே பெறப்பட்டது. அச்சோதனையில் முக்கிய பங்குகொண்டவர்களுள் ஐயங்காரும் ஒருவர். அமைதிப் பணிக்கென்றே உதவியதாகக் கூறிய கனடா தன் அணுத்துறை ஒத்துழைப்பை நிறுத்தியது. எந்த நாட்டின் ஆய்வுகூடத்தில் அவர் அணுவின் மெல்லசைவை அளக்கக் கற்றாரோ, அந்த நாட்டுடனான உறவே அறுந்தது. ஓக் றிட்ஜில் குண்டிலிருந்து ஆராய்ச்சிக்குச் சென்ற பாதை, துரொம்பேயில் எதிர்த்திசையிலும் நடக்கப்பட்டது.

ஷல், புறொக்ஹவுஸ் இருவருக்கும் நோபெல் பரிசு 1994இலேயே வழங்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு அண்மித்த இத் தாமதத்துக்கு நியாயங் காண்பது அரிது. இப் பணியைத் தொடக்கிவைத்த வொல்லன் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1984இல் காலமாகிவிட்டார். இறந்தோருக்கு அப்பரிசு அளிக்கப்படுவதில்லை. சைரஸ் உலை 2010 டிசெம்பர் 31ஆந் திகதி நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. துரொம்பேயின் நியூத்திரன் ஆய்வு அதற்கு முன்னரே, 1985இல் இயங்கத் தொடங்கிய துருவா என்னும் பக்கத்து உலைக்கு இடம்பெயர்ந்திருந்தது.