சோலைவரியும் கட்டைபறிச்சானும்

கொட்டியாரக் குடாவின் தென்கரையில் மூதூர் இருக்கிறது. அங்கிருந்து சம்பூருக்குச் செல்லும் பாதையில் பாலத்தைக் கடந்தால் வருவது கட்டைபறிச்சான். வயலும் மாடும் மீனும் கூலிவேலையுமே இப்பகுதி மக்களின் சீவனம். 1660 ஆம் ஆண்டில் புயலிலே பாய்மரமிழந்த ஆங்கிலக் கப்பலொன்று இக்குடாவில் ஒதுங்கியதும், அதில் வந்த றொபேட் நொக்ஸ் கண்டியரசனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டதும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. நொக்ஸ் சிறைப்பட்ட கரையைப் பற்றி எழுதியோர் பலர். அந்தக் கரையிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோர் யாருக்கு, எதன்பேரில் வரி செலுத்தினர், செலுத்திய பணம் அவர்களிடம் எவ்வுருவில் திரும்பி வந்தது என்று கேட்டோர் மிகச் சிலர். அக்கேள்வியையே நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

வீட்டுக்கு வரி என்பது நம் கிராமங்களுக்குப் புதியது. அதற்கு முன்னர் வரி விளைச்சலின்மீது இருந்தது, உடலின்மீதும் இருந்தது. நெல்லிற் பத்திலொன்று அரசுக்கு என்ற பழைய வழக்கைப் பிரித்தானியர் கைவிடவில்லை. அதை ஏட்டில் எழுதி, பணமாக மாற்றி, பாக்கி நின்றபோது நிலத்தையே ஏலங்கூறினர். நுவரெலியாப் பகுதியில் நெல்வரிப் பாக்கிக்காகக் குடியானவர் தம் வயல்களை இழந்த கொடுமையை அங்கு உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியரே எடுத்துரைத்தார். அதிகாரத்தின் உள்ளிருந்து எழுந்த அக்குரலும் வெளியே எழுந்த கண்டனமும் சேர்ந்தே 1892 இல், ஹவ்லொக் தேசாதிபதியின் காலத்தில், நெல்வரியை ஒழிக்கச் செய்தன.

உடலின்மீதான வரி இன்னும் வெளிப்படையானது. டொறிங்டன் தேசாதிபதியின் காலத்தில், 1848 இல், பிறந்த வீதிச் சட்டம் 18 முதல் 55 வயது வரையுள்ள ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியமைப்பில் உழைக்கவேண்டும், அன்றேல் மூன்று சிலிங் கட்டவேண்டும் என்றது. பெருந்தோட்ட முதலாளிக்கு மூன்று சிலிங் ஒரு பொருட்டல்ல. ஏழைக் கமக்காரனுக்கு அது ஆறு நாட் சோறு. கோப்பி இறங்குவதற்கு வேண்டிய வீதியை அந்தக் கமக்காரனே வெட்டிக் கொடுத்தான். அவ்வாண்டிலேயே மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்கான காரணங்களுள் இவ்வரியும் ஒன்று என்பதை வரலாற்றாசிரியர் எவரும் மறுப்பதில்லை.

இவற்றோடு ஒப்பிட்டு நோக்குவோமாயின், கிழக்கிலே கமக்காரர் தமக்குள்ளே வைத்திருந்த ஓர் ஏற்பாடு மனங்கொளத்தக்கது. வயல்களுக்கு நீரைப் பங்கிட்டு, வாய்க்காலையும் வேலியையும் மேற்பார்த்த வட்டை விதானைக்கு விளைச்சலிலிருந்து ஒரு சிறு பங்கு நெல்லாகக் கொடுக்கப்பட்டது. அதுவும் ஒருவகை வரிதான். ஆயின் கொடுத்தவன் கொடுத்த போகத்திலேயே தன் வரம்பில் நீர் வந்ததா என்று பார்த்துக்கொண்டான். வட்டை விதானைகளிலும் பெரிய கமக்காரர் பக்கம் சாய்ந்தோர் இருந்திருப்பர். பழைமையைப் பொன்னாக்கிக் காட்டுவது நம் நோக்கமன்று. எனினும் வரிக்கும் பயனுக்கும் இடையே இருந்த தூரம் அங்கே ஒரு வாய்க்காலின் நீளமே.

வீட்டுவரியின் பிறப்பிடம் இங்கிலாந்து. 1601 ஆம் ஆண்டின் வறியோர் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு திருச்சபை வட்டாரமும் அங்கு குடியிருப்போரிடம் அவரவர் உடைமைக்கேற்பப் பணம் திரட்டித் தன் ஏழைகளைப் பராமரிக்கலாயிற்று. அம்முறை கப்பலேறி வந்தபோது ஏழைகளைப் பராமரிக்கும் பொறுப்பு மட்டும் கரையிலேயே நின்றுவிட்டது! 1793 ஆம் ஆண்டின் சாசனச் சட்டம் சென்னை, கல்கத்தா, பம்பாய் நகரங்களில் வீடுகளை மதிப்பிட்டு, தெருக்கூட்டவும் காவல் வைக்கவும் வரி விதிக்க இடமளித்தது. இலங்கையில் 1865 ஆம் ஆண்டுச் சட்டத்தின்மூலம் கொழும்பும் கண்டியும் மாநகர சபைகள் பெற்றன. இங்கு நிலைத்துவிட்ட அவ்வரியைச் சட்டம் மதிப்பீட்டு வரி என்கிறது. நம் மக்கள் சோலைவரி என்கின்றனர். பெயரில் நிழல் இருக்கிறது; வரியில் இருக்கிறதா என்பது வேறு விடயம்.

அது எவ்வாறு கணிக்கப்படுகிறது? வீட்டின் விலையை வைத்தன்று, வாடகையை வைத்து. ஒரு வீட்டை நியாயமான குத்தகைக்காரர் ஒருவர் ஆண்டுக்கு எவ்வளவு வாடகைக்கு எடுப்பார் என்று விலைமதிப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தர் மதிப்பிடுகிறார். அதுவே ஆண்டுப் பெறுமதி. அதில் நூற்றுக்கு இவ்வளவு என்று சபை ஆண்டுதோறும் தீர்மானிக்கிறது. எடுத்துக்காட்டாக, மாதம் 3,000 ரூபாவுக்கு வாடகைக்குப் போகக்கூடிய வீடொன்றின் ஆண்டுப் பெறுமதி 36,000 ரூபா. சபை 6 வீதம் விதித்தால் வரி 2,160 ரூபா, காலாண்டுக்கு 540. ஆண்டு முழுவதற்கும் உரியதை சனவரி 31 இற்கு முன் கட்டினால் 10 வீதம் கழிவு; ஒவ்வொரு காலாண்டின் முதல் மாதத்திற் கட்டினால் 5 வீதம். கையிற் காசுள்ளவர் 1,944 உடன் தப்பிக்கொள்வார். அன்றாடங்காய்ச்சி முழுத்தொகையையும் கட்டுவார். மதிப்பீடு மிகையென்று கருதுபவர் எழுத்தில் ஆட்சேபிக்கலாம், பின்னர் நீதிமன்றத்தையும் நாடலாம். கட்டாதவரின் தட்டுமுட்டுப் பொருள்களைச் சபை கைப்பற்றலாம். அதற்கு மேலும் செல்லலாம். கோயில், பள்ளிவாசல், பாடசாலை, மயானம் ஆகியவற்றுக்கு வரியில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தன் வீட்டிலே தானே குடியிருக்கும் கைம்பெண் யாரிடமும் வாடகை வாங்குவதில்லை. ஆயினும் வாங்கியிருக்கக்கூடிய வாடகைக்கு அவள் வரி கட்டுகிறாள். மீள்மதிப்பீடு காலந்தவறினால் பழைய மாளிகை பழைய மதிப்பிலே கிடக்கும். அதன் பின்புறத்தில் நேற்றெழுந்த சிறு கல்வீடு புதிய மதிப்பைச் சுமக்கும். நகரசபைக்காரர் மதிப்பை உயர்த்த அஞ்சுவதற்குத் தேர்தல் ஒரு காரணம். சென்னையிலே 1998 இற்குப் பின்னர் பொதுச் சீராய்வின்றியே காலங்கடத்தி, 2022 இல் தமிழகம் முழுவதற்குமாக 25 முதல் 150 வீதம் வரை ஒரே மூச்சில் வரியை உயர்த்தினர். சிறிது சிறிதாக ஏற்றியிருந்தால் எவருக்கும் வலித்திராது.

இனிக் கட்டைபறிச்சானுக்கு வருவோம். 1871 இலும் 1924 இலும் இயற்றப்பட்ட கிராமச் சட்டங்கள் நாட்டுப்புறத்துக்குத் தனி அமைப்புகளைத் தந்தன. அவை வறியவை, குறைந்த அதிகாரமுடையவை, எனினும் ஊரருகே இருந்தன. 1980 ஆம் ஆண்டின் அபிவிருத்திச் சபைகள் சட்டம் ஏறக்குறைய 540 கிராமச் சபைகளையும் 83 பட்டின சபைகளையும் ஒரே வீச்சில் இல்லாதொழித்தது. கிராமத்தான் தன் சபையை இழந்து மாவட்டத்தை அண்ணாந்து பார்க்கும்படியாயிற்று. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமே அக்குறையை ஓரளவு நிரப்பிற்று. கட்டைபறிச்சான் மூதூர்ப் பிரதேச சபையின் எல்லைக்குள் வருவது.

அச்சட்டம் மதிப்பீட்டு வரியை எங்கும் விதிக்க விடுவதில்லை. கட்டடங்கள் செறிந்த இடமெனப் பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிகளில் மட்டுமே அது விதிக்கப்படலாம். அதற்கு வெளியே ஒழுங்காகப் பயிரிடப்படும் பெரிய காணிகளுக்கு ஏக்கர்வரி என்ற சிறு தொகை உண்டு. ஏழைக் கிராமத்தைச் சட்டம் தப்பவிட்டது என்று மகிழத் தோன்றும். நாமும் அவ்வளவில் மகிழலாம். ஆயின் கணக்கின் மறுபக்கம் இதுதான்: வீடுகள் நெருங்கி, கடைகள் பெருகி, வாடகை உயர்ந்த இடத்துச் சபைக்குச் சொந்த வருமானம் உண்டு; வாடகை என்ற பேச்சே இல்லாத ஊர்ச் சபைக்கு அது இல்லை. பொதுச்சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவை, பொதுப்பாதை என்று சட்டம் கூறும் கடமைகளோ இரு சபைகளுக்கும் ஒன்றே. குப்பை ஏற்றும் உழவியந்திரத்துக்கு எரிபொருள், ஒழுங்கைக்குக் கிரவல், வீதிக்கு விளக்கு, நூலகத்துக்குப் புத்தகம், மயானத்துக்கு மதில், சந்தைக்குக் கூரை: இவற்றின் விலை கட்டைபறிச்சானில் குறைந்துவிடுவதில்லை. நிரந்தர ஊழியரின் சம்பளத்திற் பெரும்பங்கு மாகாண சபை வழியாக வருகிறது; முத்திரைக் கட்டணமும் நீதிமன்றத் தண்டப்பணமும் வருகின்றன. காணி கைமாறாத ஊரில் முத்திரைக் கட்டணமும் சொற்பமே. சம்பளம் கொடுத்தபின் வேலை செய்யப் பணமில்லாத சபையை மக்கள் சோம்பேறிச் சபை என்று ஏசுகின்றனர். ஏச்சில் ஓரளவு நியாயமிருக்கலாம், முழு நியாயமில்லை.

இதன்மேல் போர் வந்தது. 2006 ஏப்பிரலில் தொடங்கிய குண்டுவீச்சும் எறிகணையும் மூதூர்க் கிழக்கு மக்களை ஊர்விட்டு ஓட்டின. அவ்வாண்டு செப்தெம்பரில் சம்பூர் இராணுவத்தின் வசமாயிற்று. அதற்கு முன்பு அப்பகுதியை வைத்திருந்த விடுதலைப் புலிகளும் வரி வாங்கினர். கணக்குக் கேட்கும் உரிமை அங்கும் மக்களுக்கு இருக்கவில்லை. 2007 மே 30 இல் மூதூர்க் கிழக்கு, சம்பூர்ப் பகுதி வர்த்தமானி வாயிலாக உயர்பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. சம்பூர் மக்களுட் பலர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் ஆண்டுக்கணக்காகத் தகரக் கூரையின்கீழ்க் கிடந்தனர். தன் வீதிக்கே வழியில்லாத ஊர் அயலூரையும் தாங்கிற்று. அவர்களுடைய வளவுகளோ முதலீட்டுக்கென்று 818 ஏக்கராகவும், கடற்படை முகாமுக்கென்று 237 ஏக்கராகவும் வரைபடத்திற் குறிக்கப்பட்டன. முதலீட்டுக்கான ஒதுக்கீடு 2015 மே மாதத்தில் இரத்தானது. கடற்படை நின்ற நிலம் 2016 இல் மக்களிடம் வந்தது.

திரும்பிச் சென்றவர்கள் கண்டது என்ன? வீடிருந்த இடத்தில் காடு. கிணறு இருந்த இடத்தில் குழி. ஆண்டுப் பெறுமதி என்ற சொல்லை அந்த வளவின் நடுவே நின்று உச்சரித்துப் பார்க்க வேண்டும். நியாயமான குத்தகைக்காரர் ஒருவர் இதற்கு என்ன கொடுப்பார்? ஒன்றுமில்லை. வரியும் ஒன்றுமில்லை. சபைக்கு வருமானமும் ஒன்றுமில்லை. ஆனால் அழிவு நேர்ந்த இடத்துக்கே வீதியும் விளக்கும் குடிநீரும் எல்லாவற்றிலும் அதிகமாகத் தேவைப்பட்டன. உள்ளதை அளந்து வரி வாங்கும் முறை, இல்லாமையை அளக்கத் தெரியாது தவிப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் நமக்குத் தெரியவில்லை.

குடாவின் வடபுறத்தைப் பார்ப்போம். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று அங்கே கிடக்கிறது. 1957 வரை அது பிரித்தானியக் கடற்படையின் தளம். அதனாலேயே 1942 ஏப்பிரல் 9 இல் சப்பானியக் குண்டுகளை இந்நகரம் ஏற்றது. இன்று துறைமுகக் கட்டணம் துறைமுக அதிகார சபைக்கும், சுங்கத் தீர்வை கொழும்புத் திறைசேரிக்கும் செல்கின்றன. துறைமுகத்தின் பெயரால் அழைக்கப்படும் மாவட்டத்தின் ஏழைச் சபைகள் அப்பணத்தை நேரே காண்பதில்லை. கொழும்பைச் சுற்றி, மாகாணத்தைச் சுற்றி, மானியமென்ற பெயரோடு வரும்போதே காண்கின்றன. தமக்குரிய பங்கு தானமாக வந்து சேர்கிறது. இம்மாற்றத்தைக் கணக்கியல் நுணுக்கமென்று நாம் தள்ளிவிட முடியாது. தானம் வாங்குபவன் கேள்வி கேட்பதில்லை என்பதை ஆள்வோர் நன்கறிவர்.

கேள்வி கேட்பதற்குச் சபை வேண்டும். 2023 மார்ச்சு 19 இல் இலங்கையின் உள்ளூராட்சிச் சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. அம்மாதம் 9 ஆம் திகதி நடக்கவேண்டிய தேர்தல் பணமில்லை என்ற காரணத்தால் நடைபெறவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகச் சபைகளை உத்தியோகத்தரே நடத்தினர். தேர்தலுக்குப் பணமில்லாத நாட்டில் வரி அறவீட்டுக்கு மட்டும் ஓய்வில்லை: காலாண்டுக்கு ஒருமுறை சோலைவரி அறிவித்தல் தவறாது வந்தது, அதை எப்படிச் செலவிடுவது என்று கைதூக்க ஒருவரும் இருக்கவில்லை. 2024 ஓகஸ்ட் 22 இல் உயர்நீதிமன்றம் இத்தாமதம் மக்களின் அடிப்படை உரிமையை மீறியதெனத் தீர்ப்பளித்தது. 2025 மே 6 இல் வாக்கெடுப்பு நடந்தது.

அத்தேர்தலில் தெரிவானோர் முதன்முதலாகத் தம் கையால் எழுதவேண்டியிருந்த ஏடு 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம். ஆண்டு முடிவதற்குள் தவிசாளர் அதைச் சபைமுன் வைக்கவேண்டுமென்பது சட்டம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எந்தப் பிரசையும் அந்த ஏட்டின் பிரதியைக் கேட்டுப் பெறலாம். மூதூரிலும் கட்டைபறிச்சானிலும் எண்கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்கள் அதைப் பெற்று, பாலத்துக்கு இப்பாலுள்ள ஊர்களின் பெயர் எத்தனை முறை, எத்தனை ரூபாவுக்கு எதிரே வருகிறது என்று மாணவர்களைக் கொண்டு எண்ணச் செய்யலாம். கூட்டலும் வீதமும் படிக்க அது நல்ல பாடம். அடுத்த கூட்டத்தில் உறுப்பினரிடம் கேட்பதற்கான எண்களும் அதிலேயே கிடைக்கும்.