நிலநடுக்கப் படத்தின் வரலாறு



இன்று உலகில் எங்கேனும் நிலம் பெரிதாக நடுங்கினால், சில நிமிடங்களுக்குள் அச்செய்தி கணினித் திரையில் ஒரு புள்ளியாக வந்து விழுகிறது. அமெரிக்க அரசின் நிலவியல் ஆய்வகம் அப்புள்ளிகளை உலகப் படத்தில் இட்டு யாவருக்கும் கட்டணமின்றிக் காட்டுகிறது. பூகோள வகுப்புக்களிலும் இப்படம் இடம்பெற்று வருகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் படம் எவ்வாறு உண்டாயிற்று என்பதைச் சொல்லாமல் படத்தை மட்டும் காட்டுவது, சோற்றைக் காட்டி உழவை மறைப்பது போன்றது. ஆதலின் அதன் வரலாற்றையே இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மாலெட் என்பார் இம்முயற்சியில் இறங்கினார். தொலைவில் நிகழும் நடுக்கத்தைப் பதியும் கருவி அக்காலத்தில் இல்லை. பழைய நூல்களையும் பிரயாணிகளின் குறிப்புகளையும் துருவி, தம் மகனுடன் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நடுக்கங்களைப் பட்டியலிட்டு, உலகப் படத்தில் வரைந்தார். அவை எங்கும் சிதறிக் கிடக்கவில்லை. பட்டை பட்டையாக அமைந்தன. காரணம் அன்று எவருக்கும் தெரியவில்லை. மேலும், மக்கள் வாழாத நடுக்கடலில் நிலம் நடுங்கினால் சாட்சி சொல்ல யார் இருக்கிறார்கள்?

சாட்சி சொல்லக் கருவிகள் வந்தன. 1897 ஜூன் 12-ஆம் நாள் அஸ்ஸாமைக் குலுக்கிய பெருநடுக்கம் ஐரோப்பாவிலிருந்த கருவிகளிலும் பதிந்தது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணிபுரிந்த ஆல்டாம் அப்பதிவுகளை ஆராய்ந்து, விரைந்து வரும் அலை, பின்தங்கி வரும் அலை, மேற்பரப்பில் ஊரும் அலை என மூவகை உண்டென்று பிரித்துக் காட்டினார். மின்னலுக்கும் இடிக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டு மேகத்தின் தொலைவைக் கணிக்கிறோம் அன்றோ? அதுபோல, முதலிரண்டு அலைகள் வந்து சேரும் நேரத்தின் இடைவெளியே நடுக்கத்தின் தொலைவைச் சொல்லிவிடும். மூன்று நிலையங்களின் தொலைவு தெரிந்தால், கவராயம் கொண்டு மூன்று வட்டம் வரையலாம். அவை கூடுமிடமே புள்ளி. உண்மையான பதிவுகள் இன்று இணையத்திலேயே கிடைக்கின்றன. ஒருமுறையேனும் கையால் இதைச் செய்து பாருங்கள்.

கண்டங்கள் நகர்கின்றன என்று ஜெர்மானிய அறிஞர் வெகனர் 1912-இல் கூறினார். எந்த விசை நகர்த்துகிறது என்பதற்குத் தக்க விடை தர அவரால் இயலவில்லை. நிலவியலார் பலர் நகைத்தனர். 1930-இல் கிரீன்லாந்துப் பனியில் அவர் மாண்டார்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். நியூயார்க்கை அடுத்த லாமண்ட் ஆய்வகத்தில் மேரி தார்ப் என்ற பெண்மணி பணியாற்றினார். ஆராய்ச்சிக் கப்பலில் பெண்கள் ஏறக்கூடாது என்பது அக்கால வழக்கம். ஆண்கள் கடலில் அளந்து வந்த ஆழக் கணக்குகளைக் கொண்டு, அவர் மேசையில் அமர்ந்தபடியே அட்லாண்டிக் கடலின் அடித்தளத்தை வரைந்தார். 1952-ஆம் ஆண்டு வாக்கில், கடல் நடுவே ஓடும் மலைத்தொடரின் முகட்டில் நீண்ட பிளவுப் பள்ளம் ஒன்று இருப்பதைக் கண்டார். உடன் பணியாற்றிய புரூஸ் ஹீசன் அதைப் பெண்பேச்சு என்று தள்ளிவிட்டார். பள்ளம் மெய்யென்றால் வெகனர் சொன்னதும் மெய்யாகிவிடுமே!

அதே வேளையில், வேறொரு பணிக்காக ஆய்வகத்து உதவியாளர் ஒருவர் நடுக்கங்களைப் புள்ளியிட்டு வந்தார். இரு படங்களும் ஒரே அளவில் அமைந்திருந்தன. ஒளிமேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது, புள்ளிகள் பள்ளத்தின் வழியே வரிசையாக விழுந்தன. ஹீசனும் இணங்கினார். தார்ப் ஆராய்ச்சிக் கப்பலில் ஏற 1968 வரை காத்திருக்க நேர்ந்தது.

அதன்பின் காரியம் விரைந்தது. அதற்குக் காரணம் அணுகுண்டு என்பது விந்தை! பூமிக்கடியில் வெடிக்கும் குண்டுகளை ஒற்றறிய, 1960-களின் தொடக்கத்தில் உலகெங்கும் ஒரேவிதக் கருவிகளை நிறுவினர். நம் கொடைக்கானலிலும் ஒன்று நின்றது. 1961 முதல் 1967 வரை பதிந்த ஏறத்தாழ 29,000 நடுக்கங்களை பராசாங்கி, டோர்மன் என்போர் 1969-இல் படமாக வெளியிட்டனர். பூமியின் ஓடு பல பெருந்தட்டுகளாகப் பிளந்து நகர்கிறது என்பதை அப்படத்தில் யாரும் கண்ணாலேயே காணலாம்.

ஆகவே ஆசிரியர்கள் தட்டுகளின் எல்லைக்கோட்டைத் திரையிலிருந்து நீக்கிவிட்டு, புள்ளிகளை மட்டும் காட்டி, கோட்டை மாணவரே வரையும்படி செய்தல் நலம். ஆழத்தை நிறத்தால் காட்டும் படத்தில் ஜப்பானைப் பாருங்கள். கிழக்கே கடற்பள்ளத்தருகில் ஆழம் குறைந்த நடுக்கங்கள்; மேற்கே செல்லச் செல்ல நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஆழம். ஒரு தட்டு மற்றொன்றின் அடியில் சரிவதை அந்நிறங்கள் காட்டுகின்றன. சுமத்ராவை ஒட்டியும் அத்தகைய சரிவு உண்டு. 2004 டிசம்பர் 26 காலையில் அங்கே எழுந்த ஆழிப்பேரலை சென்னையை அடையச் சுமார் இரண்டரை மணி நேரம் பிடித்தது. நடுக்கத்தின் செய்தி அதற்குள் உலகைச் சுற்றி வந்துவிட்டது. நம் கடற்கரையில் நின்றோர்க்கு அது எட்டவில்லை.

ஒரு மாதப் படத்தைப் பார்த்துவிட்டு, தென்னிந்தியா வெறுமையாக இருக்கிறதென்று நிம்மதி கொள்வாரும் உண்டு. அவர்கள் தேதிப் பெட்டியில் 1993 செப்டம்பரை இட்டுத் தேடட்டும். தட்டின் எல்லையிலிருந்து வெகு தொலைவில், மகாராஷ்டிரத்து லாத்தூர் மாவட்டத்தில், ஒரு புள்ளி தோன்றும். அதுவே கில்லாரி. விடியுமுன் உறங்கிக்கொண்டிருந்த ஏறத்தாழ பத்தாயிரம் பேர், கல்லும் மண்ணுமாய்க் கட்டிய தம் வீட்டுச் சுவர்களுக்கடியில் அன்று மாண்டனர்.