சீவிய பனியும் விழும் நீரும்: நுண்ணளவு உலோக ஆய்வில் நம்பகத்தின் அளவுகோல்

குற்றாலத் தண்ணீர் மூலிகைக் காட்டைத் தொட்டு வருவதால் மருந்து என்பார் ஒரு சாரார். கூட்டம் பெருகி அது கெட்டுவிட்டது என்பார் மறு சாரார். இரு தரப்பும் ஆய்வகத்தின் வாசலுக்கு வந்தால் கேட்கப்போவது ஒன்றையே: நீரில் எந்த உலோகம் எவ்வளவு? அதற்குக் கிடைக்கும் எண்ணை எப்போது நம்பலாம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இதற்கு மிகக் கறாரான விடையைத் தந்தது அண்டார்க்டிகாவில் ஓர் ஏரியை மூடிக் கிடக்கும் பனி.

வோஸ்டோக் நிலையத்தின் அடியில், பனிப்பாளத்துக்குக் கீழே, சுமார் 250 கிலோமீட்டர் நீளமுள்ள ஏரி இருக்கிறது. அதை நோக்கிச் சென்ற துளையை 1998 ஜனவரியில் 3623 மீட்டரில் நிறுத்தினார்கள். ஏரியைத் தொட இன்னும் நூறு மீட்டருக்கு மேல் மிச்சமிருந்தது. தொட்டது 2012 பிப்ரவரியில்தான். எடுத்த பனித்தண்டில் ஏறத்தாழ 3539 மீட்டர் வரை இருப்பது வானத்திலிருந்து விழுந்த பனி. அதற்குக் கீழே இருப்பது ஏரி நீரே உறைந்து அடியில் ஒட்டிக்கொண்ட பனி. அதன் மேற்பகுதியில் வண்டல் துகள்களும் சிக்கியிருக்கின்றன. ஆகவே எல்லைக்கு மேலே கிடைக்கும் ஈயம் பழங்காலக் காற்றைப் பற்றிப் பேசும். கீழே கிடைக்கும் ஈயம் ஏரியையும் அதன் பாறைப் படுகையையும் பற்றிப் பேசும்.

பேசுவது பனிதானா என்பதே சிக்கல். துளை மூடிக்கொள்ளாமலிருக்க அதில் மண்ணெண்ணெய் சார்ந்த திரவத்தை நிரப்பியிருந்தார்கள். தண்டின் வெளிப்புறம் அந்தத் திரவத்திலும் துளைக்கருவியிலும் பட்டு அழுக்காகியே மேலே வரும். கடைசிப் பனியுகத்துக்குப் பிந்தைய தூய அண்டார்க்டிகப் பனியிலோ ஒரு கிராமில் ஒரு பிக்கோகிராம் ஈயம்கூட இராது. நம் குடிநீர்த் தரநிலை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் ஈயத்தை அனுமதிக்கிறது; அது இதைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். இந்த நிலையில் ஆய்வாளரின் கையுறையே ஓர் ஈயச் சுரங்கம்.

கிளேர் பேட்டர்சனும் பின்னர் குளோட் பூட்ரோனும் வளர்த்த முறை இதற்குத்தான். குளிர் அறையில் தண்டைக் கரும்பு சீவுவதுபோல் வெளியிலிருந்து உள்ளே அடுக்கடுக்காகச் சீவி, ஒவ்வோர் அடுக்கையும் அமிலத்தில் கழுவிய பாலிஎத்திலீன் குப்பியில் தனித்தனியே உருக்கி அளப்பார்கள். மையத்தை நெருங்க நெருங்க ஈயம் குறைந்து, ஓரிடத்தில் மாறாமல் நின்றால் அது பனியின் ஈயம். மையம் வரை குறைந்துகொண்டே போனால், ‘இதற்கு மேல் இராது’ என்று மட்டுமே எழுத முடியும். என் பார்வையில் இத்துறையின் பெரும் சாதனை இந்த ஒழுக்கம். கருவியின் நுட்பம் அடுத்தபடிதான்.

இரண்டாவது சோதனை அலுமினியம். பனியுகங்களில் காற்றில் தூசி மிகுந்தது, அதோடு பனியில் உலோகங்களும் மிகுந்தன. ஓர் உலோகம் அலுமினியத்தோடு கொள்ளும் விகிதம் பாறை மண்ணில் உள்ளதற்கு நெருக்கமாக இருந்தால் அது தூசியோடு வந்தது. விகிதம் பன்மடங்கு ஏறியிருந்தால் எரிமலை, கடல், மனிதர் என வேறு ஊற்றைத் தேட வேண்டும். அண்டார்க்டிகாவில் இந்தியாவின் பாரதி நிலையம் அமைந்துள்ள இங்ரிட் கிறிஸ்டென்சன் கரையின் மேற்பரப்புப் பனியில், மனிதச் செயலின் பங்கு இருக்கக்கூடுமா என்ற கேள்வியோடு உலோகங்களை அளந்து, கோவா துருவ ஆய்வு மையத்தின் தம்பனும் தாக்கூரும் 2013இல் வெளியிட்டார்கள்.

அருவிக்குச் சீவ ஓர் ஓரம் ஏது என்று கேட்கலாம். நியாயமான மறுப்பு. ஆனால் மலையிலிருந்து இறங்கும் வழியே அதற்கு அடுக்குகளைத் தருகிறது. தேனருவி, செண்பகா அருவி, பொங்குமாங்கடலில் விழுந்து பொங்கி இறங்கும் பேரருவி, பிறகு தென்காசியில் சிற்றாற்றுப் படித்துறை என்று ஒரே நாளில் மேலிருந்து கீழே மாதிரி எடுத்தால், மேலே நிலையாக நிற்கும் அளவு மலையின் பங்கு. கீழே கூடுவது ஊரின் பங்காகலாம். குளிப்போர் பிடித்து நிற்கும் கம்பியருகே ஒரே ஒரு குப்பியை நிரப்பி, துத்தநாகம் கூடுதல் என்று அறிக்கை எழுதினால் அது அருவியின் துத்தநாகமா, கம்பிப் பூச்சினுடையதா?

சாரல் காலத்துச் செந்நீரில் தவறு இன்னும் எளிது. வடிகட்டாத நீரில் அமிலம் சேர்த்தால், மிதக்கும் மண்ணிலிருந்து இரும்பும் அலுமினியமும் கரைந்து வெளிவரும். அதை ‘தாதுச் சத்து’ என்று கொண்டாடவும் செய்யலாம், ‘மாசு’ என்று அலறவும் செய்யலாம். கடினமான சார்னோகைட், நைஸ் பாறைகளின் மேல் வேகமாக ஓடிவரும் நீரில் கரைந்த தாது குறைவாகவே இருக்கும். குறைவான இடத்தில்தான் குப்பியின் அழுக்கு பெரிதாகத் தெரியும். ஆகவே வடிகட்டியதும் வடிகட்டாததும் தனித்தனியே அளக்கப்பட வேண்டும். தூய நீரை அதே குப்பியில் ஊற்றி, அதே மலைப்பாதையில் சுமந்து, அருவிக்கரையில் திறந்து மூடிய வெற்று மாதிரியும் உடன் அளக்கப்பட வேண்டும். வெற்று மாதிரியின் எண்ணை அச்சிடாத எந்த அட்டவணையையும், அது எந்தத் தரப்புக்குச் சாதகமானாலும், ஆய்விதழ்கள் ஏற்கக் கூடாது.

தென்காசி மாவட்டத்திலேயே, ஆழ்வார்க்குறிச்சியில், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இருக்கிறது. சாரலுக்கு முன்னும், சாரலின் உச்சத்திலும், கூட்டம் கலைந்த பின்னும் இதே இடங்களில் ஆண்டுதோறும் மாதிரி எடுக்கும் தொடர் பணியை அங்கிருந்தே தொடங்கலாம். முதல் குப்பியைத் தேனருவியில் நிரப்ப வேண்டும்.