சேதியின் விலை

எங்கள் வீட்டில் தந்தி வந்தால் பாட்டி முதலில் அழுவாள். அப்புறம்தான் யாராவது அதைப் பிரித்துப் படிப்பார்கள். "வெள்ளிக்கிழமை வருகிறேன்" என்று மாமா கொடுத்த தந்திக்குக்கூட ஒரு தடவை இந்த மரியாதை நடந்தது. 2013-ம் வருஷம் ஜூலையில் நம் தேசத்தில் தந்தி சேவையை மூடினார்கள். அந்தச் சமாசாரத்தைப் படித்தபோது பாட்டியின் ஞாபகம்தான் வந்தது. சாவுச் சேதி கொண்டுவந்த அதே கம்பி, அரிசி விலையையும் சுமந்துகொண்டு ஓடியது என்பது பாவம், அவளுக்குத் தெரியாது.

டல்ஹௌஸி பிரபு காலத்தில் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை நகரங்களைக் கம்பி இணைத்தது. 1855-ல் பொதுஜனங்களுக்கும் திறந்துவிட்டார்கள். ரயிலும் தந்தியும் வந்துவிட்டால் தேசத்தில் பஞ்சமே இராது என்பது அந்தக் காலத்துப் பெரியவர்கள் பலருடைய அபிப்பிராயம். ஓர் ஊரில் தானியம் குறைந்தால் விலை ஏறும், தந்தி அதைச் சொல்லும், லாபத்துக்கு ஆசைப்பட்டு வியாபாரி மூட்டையை ரயிலேற்றுவான், ஜனங்கள் பிழைத்துக்கொள்வார்கள். கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருக்கிறது, பாருங்கள்!

1876-ல் மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் கிழவிகள் கதை கதையாகச் சொல்வார்களே, அதுதான். தந்தி தன் கடமையைச் செய்யாமலில்லை. ஓரிடத்தில் விலை ஏறிய சேதி மறுநாளே மற்ற இடங்களுக்குப் போயிற்று. விளைச்சல் சுமாராக இருந்த ஊர் வியாபாரியும், "இன்னும் ஏறட்டுமே" என்று களஞ்சியத்தைப் பூட்டினான். பட்டினி கிடந்த ஊரிலேயே விலை ஏறியதோடு நிற்காமல் அக்கம்பக்கத்து ஊர்களிலும் ஏறிற்று. விலைக்குப் பின்னால் தானியம் போகும் என்பது வாஸ்தவம். ஆனால் கையில் காசு இருந்தால்தானே? கூலியும் போய் மாடும் செத்துப்போன குடியானவனுக்கு எந்தக் கம்பி என்ன செய்யும்? தானிய வியாபாரத்தில் சர்க்கார் தலையிடுவதற்கில்லை என்று லிட்டன் பிரபு பிடிவாதமாக இருந்தார். அவர் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் துரை, 1877-ல் நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று குறைத்தார். அதே வருஷத்தில் சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலைபோல் அடுக்கியிருந்தன. பஞ்சம் ஓய்வதற்குள் 50 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

சரியாக 120 வருஷம் கழித்து இன்னொரு கடற்கரை. வட கேரளத்தில் வடகரை. 1997 ஜனவரி 14, நமக்குப் பொங்கல் திருநாள். அன்று காலை 11 படகுக்காரர்கள் பிடித்த மீனை வாங்க ஆளில்லாமல் கொட்டிவிடும் நிலையில் நின்றார்கள். 15 கிலோமீட்டர் தூரத்துக்குள் வேறு துறைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்! ராபர்ட் ஜென்சன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இதைக் குறித்து வைத்தார். துறை துறையாகப் படகை ஓட்டி விலை விசாரிக்க எண்ணெய்க்குக் கட்டாது. விசாரித்து முடிப்பதற்குள் மத்தி அழுகிவிடும்.

அந்த வருஷம் கோழிக்கோட்டுப் பக்கமும், பிறகு கண்ணூர், காசர்கோட்டுப் பக்கமும் செல்போன் கோபுரங்கள் எழுந்தன. மீனவர்களை உத்தேசித்து யாரும் அவற்றை நடவில்லை. ஆனால் அலை கடலுக்குள்ளும் 20, 25 கிலோமீட்டர் போயிற்று. நடுக்கடலிலிருந்தே விலை கேட்டு, நல்ல விலை சொன்ன துறைக்குப் படகைத் திருப்பினார்கள். மீனைக் கொட்டுவது அநேகமாக நின்றே போயிற்று. மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது. வாங்கித் தின்கிறவருக்கும் விலை 4 சதவீதம் குறைந்தது. இரண்டு பேருக்கும் நல்லது செய்யும் வியாபாரம் உலகத்தில் அபூர்வம்!

1877-ல் சேதி மூட்டை வைத்திருந்தவனிடம் போயிற்று. 1997-ல் வலை வீசியவனிடம் வந்தது. வித்தியாசம் அவ்வளவுதான் என்று எழுதி முடித்துவிட எனக்கும் ஆசைதான். போன வருஷம் ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போகாமல் இருந்திருந்தால் அப்படித்தான் முடித்திருப்பேன்.

கரைக்கு வந்த படகுக்காரர் ஒருவர் காதில் போனை வைத்தபடியே இறங்கினார். அடுத்த துறையில் கிலோவுக்கு 20 ரூபாய் கூடுதலாம்.

"அப்படியானால் அங்கே கொண்டுபோகலாமே?" என்றேன்.

"வெலை எல்லாம் தெரியும் சார். படகு வாங்குனப்ப யாவாரிகிட்ட வாங்குன கடன் இருக்கே. அது அடையிற வரைக்கும் மீனு அவருக்குத்தான். அவரு சொல்றதுதான் வெலை."

"பின்னே எதற்கு விலை கேட்கிறீர்கள்?"

அவர் சிரித்தார். "எம்புட்டுப் போச்சுன்னு தெரிஞ்சுக்க வேணாமா?"

போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, கூடையைத் தூக்கி யாவாரியின் தராசில் கவிழ்த்தார்.