லயன் வீடுகளின் பராமரிப்பு

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பிரித்தானியர் காலத்து லயன் காம்பராக்கள் பலவற்றின் கருங்கல் சுவர் நூறாண்டு தாண்டியும் நிற்கிறது. கூரைத் தகரம் அவ்வளவு தாங்காது. நாகப்பூச்சு தேய்ந்ததும் ஆணித்துளைகளிலும், தகரத்தின்மேல் தகரம் படியும் விளிம்பிலும் முதலில் துருப்பிடிக்கும். அடுப்புப் புகையும் ஈரமும் உட்புறத்தை அரிக்கும். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே மாதம் தென்மேல் பருவமழை இறங்குவதால், ஜனவரி முதல் மார்ச் வரையான வெயில் காலமே தகரம் மாற்ற ஏற்றது. ஆணியை நெளியின் மேட்டில் அடிக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் ஒழுகும். 1970களில் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்ற இத்தோட்டங்களில், லயன் வீட்டுக்கான உறுதி குடியிருப்போரிடம் இல்லை. கூரை ஒழுகிய பிறகும் தோட்ட நிர்வாகத்தின் தகரத்துக்காகக் காத்திருப்பது பெரும் அநீதி. இந்திய உதவியுடன் ஏழு பேர்ச்சஸ் காணியில் எழுந்த தனிவீடுகளில் பழுதுபார்ப்பைக் குடும்பமே முன்கூட்டித் திட்டமிடலாம்.